பட்டும் பட்டமும்

பெரணமல்லூர், பட்டு நெய்யும் ஊர். இன்று பட்டம் பெறும் ஊரும் கூட. ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட அவ்வூரிலே, தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்த தந்தைக்கும், இராட்டையருகே அமர்ந்து தார் சுற்றிய தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் முதுகலை படிக்கின்றனர். முனைவர் பட்டத்துக்கும் முயல்கின்றனர். பாட்டன் கைநாட்டு வைத்தான். பேரன் ஆய்வேடு எழுதுகிறான். இந்த மாற்றம் வானத்திலிருந்து விழுந்ததன்று. வரம் கேட்டு வந்ததுமன்று. போராடிப் பெற்றது!

மகிழ்கிறோம். மகிழ்ந்த கையோடு ஒரு கேள்வியும் கேட்கிறோம்: பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்த அந்தப் பிள்ளைக்கு, உள்ளே என்ன கிடைக்கிறது?

வாயிலைத் திறந்த வரலாறு நமக்குத் தெரியும். நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் பிறப்பித்த வகுப்புரிமை ஆணை, 1928-இல் அது நடைமுறை கண்ட விதம், 1951-இல் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றதும் தமிழகம் கொதித்தெழுந்து அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு வழிகோலிய வீரம், 1994-இல் 69 விழுக்காட்டுக்குச் சட்டக் காப்பு அளித்த ஏற்பாடு — இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாழ்ப்பாளை உடைத்தன. தந்தை தொழிலைத் தனயன் பாதிநாள் பயிலட்டும் என்று 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டம் 1954-இல் குழிக்குள் போயிற்று. விளைவு என்ன? உயர்கல்வி பற்றிய இந்திய அளவிலான கணக்கெடுப்பில், 2021-22-ஆம் ஆண்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுமைக்கும் 28.4; தமிழ்நாட்டுக்கு 47. தகுதி கெட்டுவிடும், தரம் தாழ்ந்துவிடும் என்று அன்று தலையில் அடித்துக்கொண்டோர் இந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஒப்பாரியை முடித்துக்கொள்ளட்டும்.

ஆயினும், இடம் கிடைப்பது வேறு. ஏற்றம் கிடைப்பது வேறு. இளங்கலை மாணவனுக்குப் பாடநூலும் வகுப்பறையும் ஓரளவு போதும். முதுகலை மாணவனுக்கும் ஆய்வு மாணவனுக்கும் அவை போதா. அவன் ஒரு துறையின் தொழிலாளியாக உருவாகிறான். தன் கருத்தை நாலு பேர் நடுவே வைத்து வாதாட அவனுக்கு அரங்கம் வேண்டும். குறை சொல்லித் திருத்தும் மூத்தோர் வேண்டும். எந்த ஏட்டுக்கு எழுதுவது, எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தக் கல்லூரியில் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லும் தொடர்பு வேண்டும். ஒத்த வயதினரின் கூட்டுறவு வேண்டும். தொழில் வளர்ச்சி என்று இன்று அழகாகப் பெயர் சூட்டுகிறார்களே, அதன் உள்ளீடு இதுதான்.

மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டிலே இவையெல்லாம் உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன. மாமா பேராசிரியர், சித்தப்பா அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில், அத்தை தேர்வுக்குழுவில். அங்கே ஒரு பேச்சு, இங்கே ஓர் அறிமுகக் கடிதம்! அந்த வீட்டுப் பிள்ளை அதைச் சலுகை என்று எண்ணுவதே இல்லை. தன் திறமை என்று எண்ணிக்கொள்கிறது. தறிக்காரர் வீட்டிலே அந்த மேசையும் இல்லை. அந்த மாமாவும் இல்லை. ஆகவேதான் சொல்கிறோம்: சிலருக்கு உறவுமுறையால் கிடைப்பது, பலருக்குப் பொது உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

நெசவு அறிந்தோர்க்கு ஒன்று தெரியும். ஒரு பாவு நெய்து முடிந்ததும் தறியை அப்படியே விட்டுவிடுவதில்லை. பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தப்பினாலும் சேலையில் கோடு விழும். கண்ணைக் கெடுக்கும் அந்த வேலையைச் செய்யாமல் நாடாவை எத்தனை வேகமாக ஓட்டினாலும் ஒரு முழம் துணி வராது. நம் பல்கலைக்கழகங்கள் நாடாவை ஓட்டுகின்றன. இழையைப் பிணைக்க மறந்தன. இதுவே நம் குற்றச்சாட்டு.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். ஒன்றியத் தகுதித் தேர்விலே வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தினர், நன்று. வெல்லாதவர்க்கு? ஒன்றியப் பல்கலைக்கழகங்களில் பயில்வோருக்கென மாதம் 8,000 ரூபாய் வகுக்கப்பட்டது. அதையும் நிறுத்தப் பார்த்தனர் 2015-இல். மாணவர் டில்லித் தெருவில் அமர்ந்து எதிர்த்தனர். ஆனால் பெரணமல்லூர்ப் பிள்ளை பயில்வது ஒன்றியப் பல்கலைக்கழகத்திலா? 2002-இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தை நாடி, ஆரணி கடந்து, வேலூர் கடந்து, சேர்க்காடு செல்கிறான். அல்லது செய்யாற்று அரசு கலைக்கல்லூரியில் முதுகலை படிக்கிறான். அந்த 8,000 அவனுக்கு எட்டாக் கனி! 2023-இல் தமிழ்நாடு அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கெனத் தகுதித் தேர்வு நடத்தியதை வரவேற்கிறோம். ஆனால் தேர்வில் வென்ற சிலருக்குக் கிடைப்பது பரிசு. ஆய்வு செய்யும் அனைவருக்கும் கிடைப்பதே உரிமை. உதவித்தொகை நின்றால் என்னவாகும் என்பதை ஐதராபாத் பல்கலைக்கழகத்து ரோகித் வெமுலாவின் சாவு 2016 சனவரியில் நாட்டுக்குக் காட்டிற்று. அந்தப் பாடத்தையுமா மறப்பது?

அடுத்து அரங்கம். கருத்தரங்கு என்றொரு திருவிழா நடக்கிறது. கட்டணம் கட்டு, கழுத்தில் அட்டை மாட்டு, ஐந்து நிமிடம் படி, கேள்வி கேட்க நேரமில்லை என்று மணியடிப்பார்கள், சான்றிதழை வாங்கு, படம் எடு, வீடு திரும்பு! கோயில் திருவிழாவில் அர்ச்சனைச் சீட்டு விற்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அங்கே சீட்டுக்குப் புண்ணியம். இங்கே சீட்டுக்குப் புள்ளி. இந்த வாணிபம் ஏன் வளர்ந்தது? முனைவர் பட்டம் பெற ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும், இரு கருத்தரங்க உரைகளும் கட்டாயம் என்று 2016-ஆம் ஆண்டு விதி கூறிற்று. நோக்கம் நல்லது. ஆனால் உரை நிகழ்த்தும் வாய்ப்பை ஏற்படுத்தித் தரும் கடமையைப் பல்கலைக்கழகத்தின் மீது சுமத்தாமல், உரை நிகழ்த்திய சான்றைக் காட்டும் கடமையை மாணவன் மீது சுமத்தினர். கடைக்காரன் சும்மா இருப்பானா? கடை விரித்தான். 2022-ஆம் ஆண்டு விதி அந்தக் கட்டாயத்தை நீக்கியது. நோயைத் தீர்க்கவில்லை; நோயாளியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தனர், அவ்வளவே. வேலைக்கான நேர்காணலில் கட்டுரை எத்தனை என்ற கேள்வி மட்டும் நீங்கவில்லை. எனவே கடையும் மூடவில்லை.

உண்மையான அரங்கம் எப்படி இருக்கும்? 1916-ஆம் ஆண்டு மே 9. நியூயார்க்கிலே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வுக் கூட்டம். பரோடா மன்னரின் உதவித்தொகையில் வந்திருந்த ஓர் இளைஞர், இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் பற்றிக் கட்டுரை படித்தார். மறு ஆண்டே அது ஓர் ஆய்விதழில் அச்சேறியது. அந்த மாணவர் அம்பேத்கர். பின்னாளில் அவர் தீட்டிய சாதி ஒழிப்பு நூலைப் பெரியார் தமிழாக்கி வெளியிட்டார் என்பது நாம் அறிந்ததே. திறமை இருந்தால் தானே முன்னேறுவான் என்று பேசுவோர் கவனிக்க: அந்த மாமேதைக்குக் கூட மூன்று தேவைப்பட்டன — உண்ண உதவித்தொகை, அமர்ந்து படிக்க நூலகம், எழுந்து பேச அரங்கம். மூன்றும் பெற்றுத் திரும்பியவருக்கு 1917-இல் பரோடாவிலே தங்க ஓர் அறை கொடுக்க ஆளில்லை என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்க. பட்டம் சாதியை அழிக்கவில்லை. படித்தவன் திரண்டால்தான் அழிக்க முடியும்.

மூன்றாவது, வழிகாட்டி. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப்பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் வழிகாட்டலாகாது என்பது விதி. எண்ணிக்கைக்கு விதி உண்டு. எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு? நல்லாசிரியர் பலர் உண்டு. தம் கைப்பொருளைச் செலவிட்டு மாணவனைக் கருத்தரங்குக்கு அனுப்புவோரும் உண்டு. அவர்களை வணங்காமல், நன்றியோடு மதிக்கிறோம். ஆனால் பையைத் தூக்கு, வீட்டு வேலையைப் பார், என் பெயரை முதலில் போடு என்னும் துரோணர்களும் உண்டு. கட்டைவிரலைக் கேட்பது அந்தக் காலம். கட்டுரையைக் கேட்பது இந்தக் காலம். குரு பக்தி என்று இதற்குப் புனிதப் பூச்சு வேறு! ஆய்வுக்கு வேண்டியது ஐயம், பக்தியன்று. வழிகாட்டியின் முடிவையே மறுத்து வாதாடத் துணியாத மாணவன், நாளை எந்த மூடநம்பிக்கையை மறுத்து வாதாடப் போகிறான்?

பெண்களின் நிலை இன்னும் கடினம். முனைவர் பட்டப் பணியை முடிக்க மகளிர்க்குக் கூடுதலாக இரண்டாண்டு அளிக்கவும், மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு அளிக்கவும் விதி இடம் தருகிறது. விதிநூலில் இடம் உண்டு. விடுதியில் இடம் உண்டா? மாலைக் கூட்டம் முடிந்து ஊர் திரும்பப் பேருந்து உண்டா? இல்லையெனில், அந்த இரண்டாண்டும் மணமேடைக்கு அழைத்துச் செல்லும் அவகாசமாகவே முடியும்.

இவை அனைத்தையும் கடந்து முனைவர் பட்டமும் பெற்றுவிட்டவருக்குக் காத்திருப்பது எது? கௌரவ விரிவுரையாளர் பதவி! பெயரில் கௌரவம், பணியில் நிலையாமை. கூலிநெசவில் பாவு கொடுக்கும் முதலாளியை எதிர்பார்த்துத் தந்தை காத்திருந்தார். ஆண்டுதோறும் ஆணையை எதிர்பார்த்து மகன் காத்திருக்கிறான். சட்டம் போட்டுக் கொண்டுவந்த குலக்கல்வியை ஒழித்தோம். சட்டமின்றியே பட்டதாரியைத் தறிக்குழிக்குத் திருப்பும் இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயரிடுவது? தறி இழிவன்று; அது கலை. வேறு வழியே இல்லாமல் அதற்குத் தள்ளப்படுவதுதான் இழிவு.

2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்க்குத் தொழில் திறன் அளிக்க முற்பட்டது, பாராட்டுக்குரியது. அதன் நோக்கு பெரிதும் முதற்பட்டம் பெறுவோரையும் தொழிற்கல்வி பயில்வோரையும் சார்ந்தது. அடுத்த படியில் நிற்பவனுக்கும் அத்தகைய கை நீட்டப்பட வேண்டும். நாம் கேட்பவை அரியவையல்ல. மாநிலப் பல்கலைக்கழகத்தின் முழுநேர ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் வாழ்வதற்கேற்ற உதவித்தொகை. கருத்தரங்கப் பயணத்துக்குப் பல்கலைக்கழகமே தரும் செலவு. துறைதோறும் வாரம் ஒருமுறை, சான்றிதழே இல்லாத, கேள்விக்கு நேரம் வரையறுக்காத ஆய்வுக் கூட்டம். வழிகாட்டியை மாற்றிக்கொள்ள அச்சமற்ற முறை. காலிப் பணியிடங்களை நிரப்பக் காலக்கெடு. இவ்வளவே!

அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவை இவை. செய்யும் வரை நாம் கைகட்டி நிற்பதா? நம் இயக்கத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குடந்தை அரசினர் கல்லூரியிலே பார்ப்பன மாணவர்க்கொரு பானை, மற்றவர்க்கொரு பானை என்றிருந்த காலத்தில், 1943-இல், மாணவரே திரண்டு திராவிட மாணவர் கழகம் கண்டனர். நெடுஞ்செழியனும் அன்பழகனும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் முதுகலை பயின்றபோது, மேடைத்தமிழை எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. விடுதி அறைகளும் விவாத மன்றங்களும் கற்பித்தன. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்திலே பிறந்து, நகராட்சியில் எழுத்தராக இருந்து, பச்சையப்பன் கல்லூரியில் முதுகலை வரை பயின்ற அண்ணா, 1953-இல் நலிந்த நெசவாளர்க்காகத் தெருவில் கைத்தறித் துணி விற்றார். 1968-இல் யேல் பல்கலைக்கழகத்திலே மாணவரோடு உரையாடினார். தெருவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுவர் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, பெரணமல்லூர்த் தோழர்களே! உங்கள் ஊரிலே படிப்பகம் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். இல்லையேல் ஒரு திண்ணை போதும். மாதம் ஒருமுறை, முதுகலை படிப்பவர் ஒருவர் தம் ஆய்வைத் தமிழிலே, தறி நெய்யும் பெரியவருக்கும் விளங்கும்படி எடுத்துரைக்கட்டும். சாயக் கழிவு பற்றி வேதியியல் மாணவர் பேசட்டும்; கூலிக் கணக்குப் பற்றிப் பொருளியல் மாணவர் பேசட்டும். பெரியவர் கேட்கும் கேள்வி, எந்தத் தேர்வாளரும் கேட்காத கேள்வியாக இருக்கும். உதவித்தொகை அறிவிப்புகளைச் சுவரில் ஒட்டுங்கள். முன்னே சென்றவர் பின்னே வருபவரின் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுங்கள். பட்டம் பெற்று நகரத்துக்குச் சென்றவர் ஆண்டுக்கு இருமுறையேனும் வந்து அந்தத் திண்ணையில் அமருங்கள்.

கட்டணமில்லை, சான்றிதழ் இல்லை, மாலை இல்லை, பொன்னாடை இல்லை. இழையோடு இழையைப் பிணைக்கும் வேலை அது. அதைச் செய்யத் தெரிந்த கைகள், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்?