மதுரையில் பிறந்த சிங்களப் படம்

சென்னை ராயப்பேட்டையில் லாயிட்ஸ் சாலைக்கு இன்று அவ்வை சண்முகத்தின் பெயர். நாடக நடிகரான அவரும் உடன்பிறந்தவர்களும், அதாவது டி.கே.எஸ். சகோதரர்கள், மேடையில் அழவைத்த ‘மேனகா’ 1935இல் படமானது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படமும் மேடை வழியாகத்தான் வந்தது.

அந்தப் படம் ‘கடவுனு பொரொந்துவ’; முறிந்த வாக்குறுதி என்று பொருள். நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவுக்காக பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன எழுதிய நாடகம்தான் படமானது. தயாரித்தவர் தமிழர் எஸ்.எம். நாயகம், எடுக்கப்பட்டது மதுரையில். 1947 ஜனவரி 21 அன்று கொழும்பு மைலன் திரையரங்கில் வெளியானது. காதல், கண்ணீர், நடுவே எடி ஜயமான்னவின் நகைச்சுவை, பாட்டு: நம் ரசிகருக்கு இதில் அந்நியமானது மொழி மட்டுமே.

தென்னிந்திய அச்சு என்று பின்னாளில் விமர்சகர்கள் சிங்கள சினிமாவைச் சாடினார்கள். நியாயம் உண்டு. ஆனாலும் அந்த அச்சில்தான் இந்தப் படத்தின் நாயகி ருக்மணி தேவி வார்க்கப்பட்டார். கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் டெய்சி டேனியல்ஸாகப் பிறந்த அவர், தானே பாடி நடித்து ஒரு தீவின் குரலானார். அந்தக் குரலுக்காகவே இந்தப் படத்தைப் போற்றலாம்.

1982இல் யசபாலித நாணாயக்கார இதை மீண்டும் எடுத்தார். அதைப் பார்க்க ருக்மணி தேவி உயிருடன் இல்லை. 1978இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார்.