பத்தாயிரம் ரூபாயும் பழைய பேனாக்களும்

பழைய பவுண்டன் பேனா சேர்க்கத் தொடங்குகிறவர் கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்குப் பத்துப் பேனாவும் வாங்கலாம், ஒன்றே ஒன்றும் வாங்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பார்க்கர் 51 ஏரோமெட்ரிக், ஒரு எஸ்டர்புரூக் ஜே. மிச்சம் இருப்பதை ரிப்பேருக்கும் மைக்கும் ஒதுக்கிவிடுங்கள். இரண்டு பேனாவிலும் நீண்ட நாளாக எழுதி வருகிறேன். தேர்வு செய்யும்போது நான் பார்த்தது ஒரே விஷயத்தை: மை உள்ளே போகிற வழி.

பழைய பேனாவில் முதலில் சாகிறது ரப்பர். தங்க நிப்பு துருப்பிடிக்காது, உடல் நன்றாகவே தாங்கும். உள்ளே மை தங்கும் ரப்பர் டியூப் மட்டும் சில பத்தாண்டுகளில் இறுகி, பொடியாக உதிர்ந்துவிடும். அதனால்தான் கண்ணாடிப் பெட்டியில் பளபளவென்று இருக்கும் பேனா வீட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டு மைகூட உறிஞ்சுவதில்லை. விலை சொல்கிறவர் மூடியைக் காட்டுவார், தங்கக் கிளிப்பைக் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது, தண்ணீரில் வைத்து அழுத்தினால் உறிஞ்சுகிறதா என்பதைத்தான்.

இந்தக் கேள்வியில் பார்க்கர் 51 தனித்து நிற்கிறது. அமெரிக்காவில் 1941இல் விற்பனைக்கு வந்தபோது இதிலும் ரப்பர் திரை வைத்த வாக்குமேட்டிக் அமைப்புதான் இருந்தது. 1948இல் பார்க்கர் நிறுவனம் அதை மாற்றி ஏரோமெட்ரிக் என்ற முறையைக் கொண்டுவந்தது. ரப்பருக்குப் பதில் பிளை-கிளாஸ் என்று பெயரிட்ட ஒரு பிளாஸ்டிக் பை. அதைச் சுற்றி உலோக உறை. உறையில் அழுத்துவதற்கு ஒரு பட்டை. எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பைகள் இன்றும் மெத்தென்று இருப்பதை என் பேனாவிலேயே பார்க்கிறேன். மை படிந்து நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

மை அடைக்கும் முறையும் அழகானது. பேனாவின் பின்பகுதியைக் கழற்றி, நிப்பை மைக்கூட்டில் முக்கி, பட்டையைப் பல தடவை அழுத்தி விட வேண்டும். பைக்குள் மேல்முனை வரை ஒரு மெல்லிய குழாய் போகிறது. அழுத்தும்போது அதன் வழியாகக் காற்று வெளியேறும், ஏற்கெனவே ஏறிய மை அடியிலேயே தங்கிவிடும். அதனால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் மட்டம் உயர்ந்துகொண்டே வரும். ஒரே அழுத்தலோடு நிறுத்துகிறவர்களுக்குப் பை கால்வாசிதான் நிறையும். பிறகு பேனாவைக் குறை சொல்வார்கள்.

எழுத்துக்கு வருகிறேன். ஹீரோ பேனாவில் எழுதிப் பழகிய தலைமுறைக்கு இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. நிப்பு முழுவதும் கூட்டுக்குள் மறைந்து, முனை மட்டும் எட்டிப் பார்க்கும் அந்த அமைப்பு 51இலிருந்து வந்ததுதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தாளில் பட்டவுடன் உலரும் மைக்காக இந்தப் பேனாவைச் செய்தார்கள். திறந்த நிப்பில் அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடும். ஆகவே நிப்பை மூடினார்கள். கூட்டுக்குள் நிறைய மெல்லிய தட்டுகள் கொண்ட ஒரு தேக்கம் இருக்கிறது. பை சூடாகி மை கூடுதலாக வந்தால் அது பிடித்து வைத்துக்கொள்ளும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். என் பேனா இதுவரை சட்டையில் மை கக்கியதில்லை. மூடாமல் வைத்துவிட்டு ஒரு போன் பேசி முடித்து வந்தாலும் முதல் எழுத்திலேயே ஓடுகிறது.

குறைகளும் உண்டு. நிப்பு விறைப்பானது. அழுத்தினால் பட்டையாகவும் தூக்கினால் மெலிசாகவும் விழுகிற எழுத்தை விரும்புகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். நிப்பின் அகலத்தை வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். இன்னொன்று, நம் வீடுகளில் "பேனாவை யாருக்கும் கொடுக்காதே, நிப்பு போயிடும்" என்பார்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய பேனாவின் முனை யாரோ ஒருவர் பிடித்த சாய்வுக்குத் தேய்ந்திருக்கும். உங்கள் பிடி வேறாக இருந்தால் கீறும். முனையை நெருக்கத்தில் எடுத்த படத்தையும், அந்தப் பேனாவால் எழுதிய ஒரு வரியின் படத்தையும் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் உலோக உறையில் 51 என்று பொறித்திருக்கிறதா? பார்க்கர் 21 என்ற மலிவான தம்பியும் கிட்டத்தட்ட இதே உருவத்தில் வந்தது. அதன் பிளாஸ்டிக் வேறு, நிப்பு தங்கம் அல்ல, கழுத்துக் கூட்டில் விரிசல் விடுவது அதன் பிறவி நோய். 51இன் உடல் லூசைட் என்ற அக்ரிலிக்கால் ஆனது. போர்விமானங்களின் கண்ணாடிக் கூண்டுக்கும் அக்காலத்தில் அக்ரிலிக்தான் போனது. மூடியை மாட்டினால் இறுக்கமாக நிற்கிறதா, பை உறிஞ்சுகிறதா, கூட்டின் நுனி கடிபடாமல் இருக்கிறதா, இவை சரியென்றால் மூடியில் நசுங்கல் இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள், விலை இறங்கும், எழுத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது. துருப்பிடிக்காத எஃகு மூடியே போதும். தங்க முலாம் மூடிக்காக அதிகம் கொடுப்பது சின்ன பட்ஜெட்டில் வீண். பத்தாயிரத்தில் ஆறாயிரத்துக்கு மேல் இந்த ஒரு பேனாவுக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவையும் சுங்க வரியையும் அந்த ஆறாயிரத்துக்குள்ளேயே அடக்க வேண்டும்.

இரண்டாவது பேனா எஸ்டர்புரூக் ஜே. நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் எழுது நிப்புகள் செய்து பேர் வாங்கிய நிறுவனத்தின் பேனா இது. அன்று ஆபீஸ் குமாஸ்தாக்களும் மாணவர்களும் வாங்கக்கூடிய விலையில் வந்தது. இதன் உயிர் நிப்பில் இருக்கிறது. நிப்பும் அதற்கு அடியில் மை ஓடிவரும் துண்டும் சேர்ந்து ஒரே திருகாணியாகக் கழன்று வரும். மெலிசு, நடுத்தரம், பட்டை, சாய்வு, வளையும் நிப்பு என்று பல வகை. ஒவ்வொன்றின் முகத்திலும் நான்கு இலக்க எண் இருக்கும். 9இல் தொடங்கும் எண்ணைத் தேடி வாங்குங்கள். அவற்றின் முனையில் தனியாகக் கடின உலோகம் பற்றவைத்திருப்பார்கள். 1இலும் 2இலும் தொடங்குபவை பெரும்பாலும் எஃகையே மடித்து முனையாக்கியவை, சீக்கிரம் தேயும். 51இல் கிடைக்காத எழுத்து வகையெல்லாம் இங்கே நிப்பை மாற்றினால் கிடைத்துவிடும். ஒரே பேனாவில் நான்கு பேனா.

இதில் ரப்பர் டியூப்தான் இருக்கிறது, பக்கவாட்டு நெம்புகோலை இழுத்து மை அடைக்க வேண்டும். அப்படியானால் என் சொந்த விதிக்கு இது முரண் இல்லையா? டியூப் மாற்றுவது இதில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கழுத்தை மிதமான சூட்டில் காட்டி மெல்ல அசைத்துக் கழற்றி, பழைய ரப்பரைச் சுரண்டி, புதிய டியூபை அரக்குக் கரைசலால் ஒட்டினால் முடிந்தது. அரக்கு என்றால் நிஜ அரக்கேதான்; ஷெல்லாக் என்று விற்கிறார்கள். பேனா ரிப்பேர்காரர்கள் அன்று முதல் இன்று வரை அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் மறுபடி சூடுகாட்டினால் விட்டுக்கொடுக்கும். பசை போட்டு ஒட்டிய பேனாவை அடுத்த முறை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். வேலை கற்றுக்கொள்ள விரும்பும் எவரும் ஜேயில் பழகலாம்; முதன்முதலாகத் திறந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல பேனா எனக்குத் தெரியவில்லை.

ஷெஃபர் ஸ்னார்க்கலையும் பார்க்கர் வாக்குமேட்டிக்கையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இரண்டும் அற்புதமான பேனாக்கள். 1952இல் வந்த ஸ்னார்க்கல், நிப்பை நனைக்காமல் ஒரு சிறு குழாயை வெளியே நீட்டி மையை உறிஞ்சும். அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அடைப்பு வளையங்கள், ரப்பர் பை எல்லாம் மாற்றிச் சரிசெய்யும் கூலி பேனாவின் விலையை நெருங்கிவிடும். ஏற்கெனவே சரிசெய்தது என்று உத்தரவாதத்தோடு கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். குவியலாகக் கட்டி விற்கும் 'பத்துப் பேனா லாட்'டை நான் எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் அதில் மூடி ஒன்று, உடல் ஒன்று, நிப்பு ஒன்று என்று கலந்திருக்கும்.

இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்பவர்களுக்கு எபோனைட் பேனா ஒன்று. பேனாவுக்குள் நேரடியாக மை ஊற்றும் இந்த வகையில் டியூபே கிடையாது, ஆகவே கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ராஜமுந்திரியின் ரத்னம் பேனா 1930களின் சுதேசி உற்சாகத்தில் பிறந்தது, காந்தி அதைப் பெற்றுக்கொண்டு பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். எபோனைட் பேனாவை இன்றும் திருவள்ளூரில் கடைந்து தருகிறார்கள். ஒரு சங்கடம்: மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்காற்று விரிந்து நிப்பில் சொட்டு விழும். பாதி ஆனதும் நிரப்பிவிடுங்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், எபோனைட் வெளுத்துவிடும்.

கடைசியாக மை. சாதாரண நீல மை, கழுவினால் போகிற வகை, போதும். வரைபட மையும் மினுங்கும் துகள் மையும் இவற்றுக்கு விஷம். சில ஏரோமெட்ரிக் பேனாக்களின் உலோக உறையில் சூப்பர்குரோம் மையைப் பயன்படுத்தச் சொல்லிப் பொறித்திருக்கும். 1947இல் பார்க்கரே வெளியிட்ட அந்த மை, பேனாவின் உட்பாகங்களை அரிப்பதாகத் தெரிந்து பிற்பாடு கைவிடப்பட்டது. பழைய பாட்டில் எங்காவது கிடைத்தால், லேபிளுக்காக வாங்கி அலமாரியில் வையுங்கள். பேனாவில் ஊற்றிவிடாதீர்கள்.