சீரியலில் முதலாளி, விளம்பரத்தில் மருமகள்

தொடர்கதை பெண்களுக்கானது என்று முதலில் முடிவு செய்தவர்கள் சோப்பு விற்றவர்கள். 1930களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்கான தொடர்கதைகளுக்குப் பணம் போட்டவை பிராக்டர் அண்டு கேம்பிள் போன்ற நிறுவனங்கள். 1984இல் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ தொடரை ஒளிபரப்பியபோது அதன் பின்னால் மேகி நூடுல்ஸ் இருந்தது. மளிகைப் பட்டியல் போடுவது யாரோ, அவருக்கே கதை. 1993இல் சன் டிவி வந்த பிறகு தமிழிலும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ் சினிமா கதாநாயகியைப் பெரும்பாலும் பாட்டுக்கும் காதலுக்கும் வைத்திருந்த காலத்தில், சின்னத்திரை ‘சித்தி’யையும் ‘மெட்டி ஒலி’யையும் ‘கோலங்க’ளையும் தந்தது. ‘கோலங்க’ளின் அபி கட்டுமான நிறுவனம் நடத்தினாள். ‘மெட்டி ஒலி’, ஐந்து மகள்களைக் கட்டிக்கொடுத்த ஒரு தகப்பனின் கஷ்டத்தை வருடக்கணக்கில் சொன்னது. பெண்தான் பார்க்கிறாள், அவளிடம்தான் விற்க வேண்டும் என்ற வணிகக் கட்டாயமே அவளைக் கதையின் நடுவில் உட்கார வைத்தது.

உள்ளூர்க் கடைகளுக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு. ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, தீபாவளி என்று தமிழ் வீடு எப்போது பணத்தை எடுக்கும் என்பது தி.நகர் கடைக்காரருக்கு அத்துப்படி. லலிதா ஜுவல்லரி கிரண்குமாரும் சரவணா ஸ்டோர்ஸ் அருள் சரவணனும் தாங்களே திரையில் தோன்றிய விளம்பரங்களைக் கேலி செய்தவர்கள் உண்டு, மறந்தவர்கள் இல்லை. தன் வாடிக்கையாளர் யாரென்று அறிந்தவரின் துணிச்சல் அது.

சிக்கல், கதை நின்று விளம்பரம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கதையில் நிறுவனம் நடத்தியவள், இடைவேளையில் கணவரின் சட்டைக் காலர் அழுக்குக்குக் கவலைப்படுகிறாள். சாம்பாருக்கு மாமியார் தலையாட்டுவாரா என்று காத்து நிற்கிறாள். வரதட்சணைக் கொடுமையைக் காட்டி அழவைத்த கையோடு, மணப்பெண்ணைத் தலை முதல் கால் வரை பொன்னால் மூடிய நகை விளம்பரம் வருகிறது. மாமியாரைக் கண்டிக்கத் தொடருக்கு உரிமை உண்டு. சவரன் கணக்கைக் கண்டிக்க இல்லை. வெளுத்தால்தான் வேலையும் வரனும் அமையும் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த ஃபேர் அண்டு லவ்லி, பெயரை மாற்றிக்கொண்டதே 2020இல்தான். கதாசிரியர் கண்டுகொண்ட பெண்ணை விளம்பரக்காரர் இன்னும் பார்க்கவே இல்லை.

அவர் பார்க்காததற்குக் காரணம் எண்ணும் முறையிலும் இருக்கிறது. டி.ஆர்.பி. என்பது நாடெங்கும் சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்திய கருவிகள் சொல்லும் மதிப்பீடு. அந்த வீடுகளைத் தரம் பிரிக்க இரண்டு கேள்விகள்: குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார்? மின் இணைப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கார், விவசாய நிலம் முதலிய பதினொன்றில் எத்தனை இருக்கின்றன? இந்த மதிப்பீட்டைச் செய்யும் ‘பார்க்’ அமைப்பு கிராமங்களையும் சேர்த்து அளவிடத் தொடங்கியது 2015 அக்டோபரில்தான். அதுவரை வயலிலிருந்து திரும்பி டிவி முன் உட்கார்ந்தவர் இந்தக் கணக்கில் பார்வையாளரே இல்லை. பகலெல்லாம் டிவி பார்க்கும் பாட்டியின் கதை சற்று வேறு; அவர் பார்ப்பது கணக்கில் ஏறினாலும், அவருக்காக யாரும் நிகழ்ச்சி எடுப்பதில்லை. வாங்கும் சக்தியை அளக்கும் கருவியை ரசனையை அளப்பதாக நம்பி, அதன்படியே அடுத்த தொடரையும் எடுத்தால், பழைய குடும்பமே திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு குறை, குறி வைக்கப்பட்டவர் மட்டுமே பார்ப்பார் என்ற நம்பிக்கை. ஹாலில் ஒரே டிவி உள்ள வீட்டில் அம்மாவுக்கான தொடரைப் பிள்ளையும் பார்க்கிறது. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைக் குழந்தைகள் நிகழ்ச்சியிலும் குழந்தைகளுக்கான சேனலிலும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல விதிதான். ஆனால் அதே சிப்ஸ் விளம்பரம் இரவு எட்டு மணித் தொடரின் நடுவே வந்தால் விதிமீறல் ஆகாது. பார்ப்பதோ அதே பிள்ளை. விளம்பரக்காரரின் சேனல் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டதால் வந்த ஓட்டை இது.

யாருக்காகப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுவது குற்றமில்லை; தெரியாமல் பேசுவதைவிட மேல். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டும் பெண்ணிடமும் துணி சோப்பைப் பற்றி மட்டுமே பேசினால், நஷ்டம் விற்பவருக்குத்தான். அதை அவர் என்றாவது திருத்திக்கொள்வார். பிள்ளைகள் விஷயத்தை அவரிடம் விட முடியாது. ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று வரையறுக்க முடிந்த அரசால், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் முழுவதற்கும், எந்தச் சேனலானாலும், சிப்ஸ் விளம்பரத்தைத் தடுக்கவும் முடியும்.