பெரியோர் சொன்னதாக

மார்க் ட்வெயினைப் பிள்ளைகளுக்கு எழுதிய ஆசிரியர் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். டாம் சாயரை அறிந்த வாசகர்களில் அநேகருக்கு, அவர் 1879ஆம் வருஷம் பாரிஸில் செய்த ஒரு சின்னப் பிரசங்கம் தெரிந்திருக்காது. ‘ஸ்டமக் கிளப்’ என்று ஒரு சங்கம். அமெரிக்க ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூடுகிற இடம். அங்கே அவர் எழுந்து பேசிய பொருள், சுய இன்பம். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்தக் காரியத்தைப் பற்றியல்ல. அதைப் பற்றி உபதேசம் செய்கிற குரலைப் பற்றி.

அந்தக் குரலுக்கு ஐரோப்பாவில் அப்போதே வயது நூற்றைம்பதுக்கு மேல். 1760இல் திஸோ என்ற ஸ்விஸ் வைத்தியர் ஒரு புத்தகம் எழுதினார். ஓர் அவுன்ஸ் விந்து போனால் நாற்பது அவுன்ஸ் ரத்தம் போனதற்குச் சமம் என்றார். பார்வை மங்கும், புத்தி கெடும் என்று பட்டியல் போட்டார். பழைய கிரேக்க, ரோம வைத்தியர்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார். படித்தவர்களும் நம்பினார்கள்.

ட்வெயின் இந்தக் குரலை மறுக்கவில்லை. அதையே தாமும் எடுத்துக்கொண்டார். ஹோமர் இப்படிச் சொன்னார், சீசர் அப்படிச் சொன்னார், சாலமோன் இன்னது சொன்னார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எல்லாம் அவரே கட்டிவிட்டவை. பாதிப் பேர் புகழ்கிறார்கள், பாதிப் பேர் இகழ்கிறார்கள். பெரியோர் வாக்கு என்றால் எந்தப் பக்கத்துக்கும் கிடைக்கும் என்பது கேட்பவனுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. பிறகு வருகிறது நோய்க்குறிகளின் பட்டியல்: சாப்பிடுவது, குடிப்பது, கூடிச் சிரிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் படம் வரைய ஆசைப்படுவது! எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஓவியர்கள். திஸோவின் பட்டியல் யாரை வேண்டுமானாலும் நோயாளியாக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டிவிட முடியாது.

இதைப் படித்தபோது எனக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஞாபகம் வந்தது. ‘அறைத் தோழன் ஒருவன்’ என்று எழுதத்தான் நினைத்தேன். வேண்டாம், பயந்தவன் நான்தான். இருபத்துமூன்று வயது, வேலை கிடைக்கவில்லை. ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று அழைக்கும் வைத்தியர் விளம்பரம் ஒன்றைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நாற்பது துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து என்று அதில் இருந்தது. கணக்குப் பாருங்கள், அங்கேயும் நாற்பது, இங்கேயும் நாற்பது! வைத்தியருக்குக் கொடுக்க மோதிரத்தை அடகு வைக்கவும் துணிந்துவிட்டேன்.

அடுத்த அறையில் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். உடனே புராணம் வாசிக்கிற ராகத்தில், “முஷ்டி மகாத்மியம், முதல் அத்தியாயம்!” என்று ஆரம்பித்தார். இல்லாத ரிஷிகளை அழைத்தார், இல்லாத சூத்திரங்களைச் சொன்னார். முடிவில், “தம்பி, இந்தக் கணக்கு நெசம்னா இந்த மேன்ஷன்ல ஒருத்தன் உடம்புலயும் ரத்தம் இருக்கக் கூடாதே. மூட்டைப்பூச்சி எதைக் குடிச்சுக் கொழுக்குது?” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் சிரித்தேன். மோதிரம் தப்பியது.

அதனால்தான் ட்வெயின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் இதை நண்பர்கள் நடுவே கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். 1910இல் இறக்கும்வரை அது நூலில் ஏறவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டு டயோஜெனிஸ் கதவு தேடவில்லை. இந்த வித்தையை ஹெர்மிஸ் தேவன் தன் மகன் பானுக்கு இரக்கப்பட்டுக் கற்றுக்கொடுத்தான், அவன் இடையர்களுக்குச் சொன்னான் என்று ஊரறிய ஒரு கதை கட்டினாராம். குரு பரம்பரையையே கேலி செய்தாயிற்று!

பயமுறுத்துகிறவன் வீதிக்கு வந்து, பத்திரிகையில் விளம்பரம் போட்டுப் பேசுகிறான். சிரிக்க வைக்கிறவன் மட்டும் உள்ளறையில் பேசினால், சிரிப்பு அதை ஏற்கெனவே அறிந்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அது தேவைப்படுகிறவன், சட்டைப்பையில் விளம்பரச் சீட்டோடு வெளியே நின்றுகொண்டிருக்கிறான்.