சீடி போகட்டும், கார்வை போகக்கூடாது

எங்கள் பளைச் சந்தியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சீடியா? அது எப்பவோ செத்துப்போச்சு." ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய சீடி பிளேயரும் போன மாரியோடு கண்ணை மூடிவிட்டது. லென்ஸ் போய்விட்டது, மாற்றுவதற்கு லென்ஸ் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல் அதில் இல்லை. "பாட்டையெல்லாம் வீட்டிலேயே ஒரு பெட்டிக்குள் சேர்த்து வைத்து எந்த அறையிலும் கேட்கலாம், வாருங்கள் காட்டுகிறேன்" என்று கூப்பிட்டால் ஒரு குருவியும் வருவதில்லையே, அதுதான். மருமகன் கைபேசியைத் தூக்கிக் காட்டுகிறான்: "எல்லாம் இதுக்குள்ள இருக்கு மாமா."

இல்லையடா மருமோன். அதற்குள் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் அடிப்படை, ஓட்டமாகவே. சீடி டிரைவ் உள்ள ஒரு கணினி வேண்டும். 'எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி' என்ற இலவச மென்பொருளால் சீடியைப் பிரதி எடுத்து 'ஃபிளாக்' கோப்பாகச் சேமியுங்கள். சீடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். ஃபிளாக் அதில் ஒரு பிட்டையும் எறியாது, பிடிக்கும் இடத்தை மட்டும் கிட்டத்தட்டப் பாதியாக்கும். ஒரு டெராபைட் டிஸ்கில் 2,000 சீடி தாராளமாகக் கொள்ளும். டிஸ்கை றௌட்டரில் கொழுவுங்கள், வசதி இருந்தால் வீட்டு வலையமைப்பில் கொழுவும் டிஸ்க் பெட்டியான 'நாஸ்' வாங்குங்கள். ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை போல ஒரு சின்னக் கணினி, அதோடு எண்ணை ஒலியாக்கும் ஒரு 'டாக்'. கைபேசி இனி வெறும் றிமோட். இணையம் தேவையில்லை, டேட்டாக் காசு ஒரு சதம் போகாது, பாட்டு போவது அறையிலிருந்து விறாந்தைக்குத்தானே. 2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்றதை மறக்காதவர்கள் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்குங்கள். இன்னொரு டிஸ்கில் இரண்டாம் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாடம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். கார்வை.

தவிலோ மிருதங்கமோ பழகியவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். சொற்கட்டுக்கும் சொற்கட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி. 'தா' என்று அடித்து, இரண்டு மாத்திரை விட்டு, மறுபடி 'தா'. விட்ட அந்த இரண்டு மாத்திரையையும் வித்துவான் எண்ணிக்கொண்டிருக்கிறார், சபையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. கணக்குக்குள் அடங்கிய மௌனம் அது. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய வேகத்தையே சொல்லிச் சொல்லி மாய்வார்கள். என்னைக் கேட்டால் வேகத்தை ரசிப்பது அரிவரி வகுப்பு. கழி இடப்பக்கத் தொப்பியிலும் விரற்கூடு வலப்பக்க வலந்தலையிலும் இடியாய் இறங்கிச் சட்டென்று நிற்கிற நேரத்தைக் கேளுங்கள். தோல் இன்னும் அதிர்கிறது, சுருதிக்கான ஒத்து இழுத்துக்கொண்டிருக்கிறது, யாரோ ஒரு கிழவர் செருமுகிறார். மேளம் உயிரோடு இருப்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

இதற்கு ஒரு போலி உண்டு. அதற்கு நான் வைத்த பெயர் வெறுமை. இரண்டும் காதுக்குச் சத்தமில்லாதவைதான், ஆனால் கார்வை வித்துவான் விட்டது, வெறுமை மெஷின் விட்டது.

அது எங்கிருந்து வருகிறது? கச்சேரி சீடிகளில் ஆலாபனை ஒரு தடம், கீர்த்தனை ஒரு தடம், தனி ஆவர்த்தனம் ஒரு தடம் என்று பிரித்திருப்பார்கள். பிரிப்பு எண்ணில் மட்டும்தான், ஒலி அறுவதில்லை. பழைய சீடி பிளேயர் அதை வழுக்கிக்கொண்டு கடக்கும். எம்பி3 அப்படி இல்லை. ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் தன் பங்குக்குக் கொஞ்சம் மௌனத்தை ஒட்டிவிடும். அடுத்த கோப்பைத் திறக்க மலிவுச் செயலி இன்னும் கொஞ்சம் எடுக்கும். "அரை நொடிதானே அண்ணை" என்பார்கள். அரை நொடியில் தவில் எத்தனை சொல் சொல்லும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

வெறுமையிலும் மூன்று சாதி. மேலே சொன்னது முதலாவது. 'குறொஸ்ஃபேட்' இரண்டாவது: ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையை ஏற்றுவது. மௌனமே இல்லையே என்று தோன்றும், ஆனால் கார்வையைக் கொன்று புதைத்த இடத்தில் பூச்செடி நட்ட கதை அது. மூன்றாவது, தடத்துக்குத் தடம் சத்தத்தைச் சமப்படுத்துவது. மெல்ல எழும் ஆலாபனையை உயர்த்தி, தனியை அமுக்கி, இரண்டையும் ஒரே உயரத்தில் வெட்டிய வேலியாக்கிவிடும். சமப்படுத்தத்தான் வேண்டும் என்றால் முழு சீடிக்கும் ஒரே அளவாக வையுங்கள். மற்ற இரண்டுக்கும் அமைப்பில் 'கேப்லெஸ்' (இடைவெளியின்மை) என்பதை இயக்கி, குறொஸ்ஃபேடை நிற்பாட்டுங்கள்.

சரிவந்ததா என்று அறிய ஒரு பரீட்சை. ரயில் போய் அடங்கிய பிறகு, ஃபேனை நிற்பாட்டி, கீர்த்தனை முடியும் இடத்துக்குச் சற்று முன்னிருந்து ஓடவிடுங்கள். துடையில் ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. தனிக்குத் தடம் மாறும்போது கை தடுமாறாமல் தாளம் தொடங்கும் சமத்தில் விழுந்தால் உங்கள் வீட்டில் கார்வை இருக்கிறது. கை காற்றில் நின்று காத்திருந்தால் இருப்பது வெறுமை. இதற்கு மீட்டர் வேண்டாம், விமர்சகரும் வேண்டாம்.

விமர்சகர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. வினைல் இசைத்தட்டில் 'வெதுவெதுப்பு' இருக்கிறதாம். சித்திரை மாதம் பளைக்குக் கொண்டுவாருங்கள், தட்டு அப்பளமாக நெளியும், வெதுவெதுப்புக்குக் குறைவிராது. 192 கிலோஹேர்ட்ஸ் இல்லாமல் கேட்கமாட்டேன் என்கிறவர்கள் இன்னொரு கூட்டம். வௌவாலுக்கு வாங்குகிறார்கள்போல. ஐந்து நிமிடச் சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்கு நான் சொன்ன எதுவும் தேவையில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணிநேரக் கச்சேரி ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காமல் இசைப்பிரியர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

நானும் ஏமாந்தேன். ஒரு கடையில் 'அசல்' என்று வாங்கிய தவில் சீடி, எம்பி3இலிருந்து திருப்பி எரித்தது. தடத்துக்குத் தடம் ஓட்டை. ஃபிளாக் ஆக்கினால் சரிவரும் என்று இரவிரவாக முயன்றேன். கூழாய்ப் போனதை மறுபடி நெல்லாக்க முடியுமா?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் யுத்த நேரம், பற்றரிக்குத் தடை, கரண்ட் இல்லை. அப்பா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரைக் கசற் றேடியோவில் கொழுவுவார். மிதிப்பது நான். கால் சோர்ந்தால் தவில் சோரும், நாதஸ்வரம் மாடு கத்துவதுபோல இழுபடும். அப்பா துடையில் தாளம் போட்டபடி கத்துவார்: "டேய், கார்வை நீளுது! மிதியடா!" கார்வை என்றால் என்ன என்று என் காலுக்குத்தான் முதலில் விளங்கியது.

அந்தக் கசற் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. விறாந்தையில் பெட்டி ஓடுகிறது, ஒருவரும் மிதிக்கவில்லை. தடம் மாறும் இடம் வரும்போது மட்டும் என் வலது கால் தன்பாட்டில் ஒருமுறை அசையும். மருமகன் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும், பரவாயில்லை. போன ஞாயிறு அவனும் துடையில் தட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளாததுபோல இருந்துவிட்டேன்.