சதுரங்க விழாவும் நம் வாசாப்பும்

2022 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26 ஆம் நாள் தூத்துக்குடி பனிமய அன்னை பேராலயத்தில் கொடியேறிற்று. இரு நாள் கழித்து, 28 ஆம் நாள், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாடு தொடங்கிற்று. நவநாள் வழிபாட்டுக் காலத்தில் அத்தொடக்க விழாவின் கலைநிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் கண்டோம். இரு விழாக்களுக்கும் நடுவே நின்று எண்ணியதை இங்குப் பகிர்கிறோம்.

விளையாட்டோடு கலை கைகோப்பது புதிதன்று. பழைய கிரேக்க நாட்டின் ஒலிம்பியா விளையாட்டே சமய விழாதான். தற்கால ஒலிம்பிக்கிலும் 1912 முதல் 1948 வரை கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அன்று போட்டியில் பங்கு பெற்ற கலை, இன்று போட்டிக்கு முன்னுரையாகச் சுருங்கிவிட்டது.

சென்னை விழாவை விக்னேஷ் சிவன் இயக்கினார். இளைஞர் லிடியன் நாதஸ்வரம் இரு பியானோக்களை ஒருங்கே வாசித்தார். தமிழர் வரலாற்றைக் கமல்ஹாசனின் குரல் எடுத்துரைத்தது. உழைப்பும் ஒழுங்கும் பாராட்டுக்குரியவை. ஆயினும் எட்டுச் செவ்வியல் நடனங்கள் ஒரே நிகழ்ச்சியில் அணிவகுத்தபோது நம் மனம் நிறையவில்லை. ஒன்று தன் முகத்தை முழுதும் காட்டுமுன் அடுத்தது வந்துவிட்டது. கலைகளை அறிமுகம் செய்தார்கள், உரையாட விடவில்லை.

இதற்கு மாறானது, அதே ஒலிம்பியாடுக்காக, அந்நாள் புதுக்கோட்டை ஆட்சியர் கவிதா ராமு உருவாக்கிய நடனக் காட்சி. சதுரங்கக் காய்களே ஆடற்கலைஞராகவும் சிலம்ப வீரராகவும் உயிர்பெற்றுக் களத்தில் மோதின. அங்கே ஆட்டத்தின் உள்ளிருந்தே கலை பிறந்தது. வேட்டி சட்டையணிந்த 'தம்பி' குதிரையும் அவ்வாறே மக்கள் மனத்தில் இடம்பிடித்தது.

குறை கூறும் நாம் குற்றமற்றவரோ? நாம் பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில், திருவிழாவையொட்டிக் கால்பந்துப் போட்டி நடத்தினோம். பரிசளிப்புக்கு வரும் சிறப்பு விருந்தினருக்காக, இரவு முழுதும் நடக்கும் வாசாப்பைக் கால்மணி நேரத்தில் முடித்துத் தருமாறு முதிய அண்ணாவியாரிடம் கேட்டோம். "சாமி, வேசம் கட்டி வந்து மாதாவைக் கும்பிடவே அந்த நேரம் போதாதே!" என்றார் அவர். நாம் விடவில்லை. அவரும் பணிந்தார். விருந்தினர் கைதட்டினார். வழக்கமாக விடியுமட்டும் பாயில் அமர்ந்திருக்கும் ஊர்மக்களோ எழுந்து போய்விட்டனர்.

திருவழிபாட்டில் இறைமக்கள் ஊமைப் பார்வையாளராய் இருத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் கற்பித்தது. குருமடத்தில் அதைக் கற்றுத் தேர்வும் எழுதிய நாமே, கலையில் அம்மக்களைப் பார்வையாளராகக்கூட இருக்கவிடவில்லை. வாசாப்பில் அரசனாக வருபவன் மறுநாள் வலை இழுப்பவன். அவனுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவன் பெரியப்பா. அந்த உறவுதான் அக்கலையின் உயிர். உறவை அறுத்துவிட்டு உடையையும் ஒப்பனையையும் மட்டும் மேடையேற்றினால் எஞ்சுவது கண்காட்சியே.

பன்னாட்டு விழாக்கள் நம் மண்ணுக்கு இன்னும் வரட்டும். விருந்தினருக்குச் சில மணித்துளிகள் போதும். ஆனால் நம் ஊர்த் திருவிழாவில் வாசாப்புக்கு உரிய இரவை அதற்கே திருப்பிக் கொடுப்போம். அந்த அண்ணாவியார் இன்றில்லை. அவர் பாடல்களை அறிந்த இருவர் இருக்கின்றனர். அவர்களிடம் செல்வதே நாம் செய்யவேண்டிய பரிகாரம்.