நொக்ஸ் கற்றதும் நின்றதும்

கண்டி இராச்சியத்தின் பழைய வாழ்க்கையை ஆராய்வோர் தவறாது நாடும் நூல்களுள் ஒன்று, 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் இலங்கை வரலாறாகும். அரசனும் குடிகளும், உழவும் அறுவடையும், தேவாலயங்களும் விழாக்களும் அக்காலத்தில் எவ்வாறிருந்தன என்பதை அறிதற்பொருட்டே பலரும் அதனைப் படிப்பர். யானும் முன்னர் அங்ஙனமே படித்தேன். அண்மையில் மீண்டும் படித்தபோது வேறொரு வினா எழுந்தது. நூற்கல்வி ஒருவனை எவ்வளவு தூரம் திருத்தவல்லது என்பதே அது.

1660இல் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவரும், அவர் மைந்தராகிய நொக்ஸும், வேறு சிலரும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, மலைநாட்டு ஊர்களில் வைக்கப்பெற்றனர். மறுவருடமே தந்தை நோயால் இறந்தார். தாமும் நோயுற்றிருந்த இளைஞர், தந்தையை அயல்மண்ணில் அடக்கஞ் செய்தார். பின்னர்க் குல்லாய் பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்து, கண்டிக்கு அணித்தான எலதெத்தையில் வீடொன்றும் அமைத்துக்கொண்டார். 1679இல் அநுராதபுரக் காட்டுவழியே தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

இந்நெடுஞ் சிறையில் அவர்க்குத் துணையாயிருந்தவை இரண்டு பத்தி நூல்கள். அவை ஏறக்குறைய மனப்பாடமாகும்வரை அவற்றை ஓதினார். ஒருநாள் ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருப்பது தெரியவந்தது. நூலைத் திறந்ததும் முதலிற் கண்ணிற்பட்டது, சிறைக்காவலன் ஒருவன் தன் கைதிகளிடம் மீட்சிக்கு வழி கேட்கும் பகுதி. பின்னிய குல்லாய் ஒன்றே அதற்கு விலையாயிற்று. நூல் முழுவதிலும் நெஞ்சை உருக்கும் இடம் இதுவேயாகும்.

நொக்ஸின் நடை எளியது. கண்டதை மிகையின்றிக் கூறுவது. தம்மைத் தடுத்துவைத்த அரசனைக் கடிந்துரைப்பவர், தமக்கு உணவளித்த ஊரவரின் நற்பண்புகளை மறைத்தாரல்லர். இந்நாட்டு வழிபாடுகளைத் தம் சமயக் கண்கொண்டே அளந்தமை குறையே. எனினும், வெறுத்தவற்றையும் விரிவாக எழுதிவைத்தமையால் அவை நமக்குக் கிடைத்தன.

ஆயின் நூலுக்குப் பிற்பட்ட அவர் வாழ்வையும் நோக்குதல் வேண்டும். தாய்நாடு மீண்டவர், 1680களில் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பற்றலைவராகி, அடிமைகளைக் கொள்வதற்கு மடகாஸ்கருக்குச் சென்றார். பத்தொன்பதாண்டுகள் உரிமையிழந்து வாடியவர், பிறர் உரிமையை விலைபேசினார்! அது அக்காலத்து வழக்கம் என்பர் சிலர். அவ்விடை ஏனையோர்க்கு ஒருவாறு பொருந்தலாம். சிறையின் துயரை உடலால் அறிந்தவர்க்குப் பொருந்துமாறு எங்ஙனம்?

அதனால் அவர் பத்தி பொய்யென்று யான் கருதவில்லை. அவர் நூலின் பெறுமதியும் குறையவில்லை. குறை, அவர் கற்ற முறையில் உளதுபோலும். துன்புற்றவராய் ஆறுதலுக்காகப் படித்தார். பிறர்மேல் அதிகாரம் பெற்றபின், அதே பகுதியை அதிகாரம் பெற்றவராய் மீண்டும் படித்தாரில்லை. அப்பகுதியிலுள்ள சிறைக்காவலனோ வழி கேட்டதோடு அமைந்தானல்லன். கைதிகளின் புண்களைத் தன் கையாற் கழுவினான்.

கற்றபின் அதற்குத் தக ஒழுகுதலையே வள்ளுவப் பெருந்தகை கல்வியின் பயனாக வைத்தார். திருமுறையும் குறளும் ஓதும் நமக்கும் இச்சோதனை உண்டு. துயர் வந்தபோது அவற்றை நாடுகின்றோம், அது நன்றே. நம் வீட்டுப் பணியாளர்க்கும், இம்மலைகளிற் கொழுந்து பறிப்போர்க்கும் நாம் என்ன செய்கின்றோம் என்று கேட்டுக்கொண்டு, அதே நூல்களை மீண்டும் ஒருமுறை திறந்தல் வேண்டும். நொக்ஸின் நூல் கூறாமற் கூறும் பாடம் இதுவென்று யான் கொள்கின்றேன்.